முதலில் கரண்ட், பிறகு கண்ணாடி

மின்சாரக் கார் ஷோரூம் திறக்க நினைப்பவர் முதலில் விரித்துக் காட்டுவது கட்டட வரைபடத்தைத்தான். முகப்புக் கண்ணாடி எத்தனை அடி, உள்ளே எத்தனை கார் நிற்கும், வாடிக்கையாளருக்குக் காபி எங்கே கொடுப்பது என்று பேச்சு ஓடும். மின்வாரியத்தில் விண்ணப்பம் போட்டாயிற்றா என்று கேட்டால், "அதெல்லாம் எலக்ட்ரீஷியன் பாத்துப்பாரு சார்" என்பார். ஒர்க்‌ஷாப் பக்கமே காலம் கழித்த இக்கட்டுரையாளருக்கு வயிற்றைக் கலக்குவது அந்தப் பதில்தான்.

கணக்கைப் பாருங்கள். சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் ஏ.சி. சார்ஜரில் 40 கிலோவாட் மணி பேட்டரி நிரம்ப ஏறத்தாழ 6 மணி நேரம் ஆகும். சாதாரண 15 ஆம்ப் பிளக் என்றால் அரை நாளுக்கும் மேல். லாரியிலிருந்து இறங்கும் புது வண்டி, மாலை நல்ல நேரத்தில் டெலிவரி கொடுக்கவேண்டிய வண்டி, டெஸ்ட் டிரைவ் போய்த் திரும்பிய டெமோ வண்டி, சர்வீஸுக்கு வந்த வண்டி எல்லாம் அதே கரண்டுக்குத்தான் வரிசையில் நிற்கும். 60 கிலோவாட் டி.சி. சார்ஜர் ஒன்றும் ஏ.சி. சார்ஜர் நான்கும் சேர்ந்து ஓடினாலே 90 கிலோவாட்டை நெருங்கிவிடும். லிஃப்ட், கம்ப்ரசர், ஷோரூம் குளிர்சாதனம் எல்லாம் தனி. அந்தத் தெருவில் இவ்வளவு லோடு கிடைக்குமா, சொந்தமாக டிரான்ஸ்ஃபார்மர் வைக்கவேண்டி வருமா, வந்தால் அதற்கு மனையில் இடம் உண்டா என்பதெல்லாம் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் தெரிந்திருக்க வேண்டும். சார்ஜிங் நிலையம் நடத்தத் தனி உரிமம் வேண்டாம் என்று மத்திய மின்சார அமைச்சகம் 2018-லேயே தெளிவுபடுத்திவிட்டது உண்மைதான். உரிமம் வேண்டாமே தவிர, இணைப்பு வேண்டுமே!

அடுத்தது இடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் கார்கள் தண்ணீரில் கிடந்ததைப் பார்த்தவர்கள் தரைக்குக் கீழே ஸ்டாக் யார்டு வைக்க யோசிப்பார்கள். பேட்டரிப் பெட்டிக்கு ஐ.பி. 67 தரம் இருக்கிறதே என்று விற்பனையாளர் சொல்லலாம். அந்தத் தரத்தின் சோதனை 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். நம் ஊர் வெள்ளம் அரை மணியில் வடிவதில்லை.

தண்ணீரை விடத் தீ பெரிய கவலை. 2022 செப்டம்பர் 12 இரவு செகந்திராபாத்தில், மின்சார ஸ்கூட்டர் ஷோரூம் இருந்த கட்டடத்தில் தீப்பிடித்தது. புகை மேலே இருந்த தங்கும் விடுதிக்கு ஏறி 8 பேர் இறந்தார்கள். 2024 நவம்பரில் பெங்களூரு ராஜாஜிநகரில் இன்னொரு ஸ்கூட்டர் ஷோரூமில் எரிந்த தீ, அங்கே வேலை பார்த்த இளம்பெண்ணின் உயிரைக் குடித்தது. ஸ்கூட்டர் கடைதானே என்று கார்க்காரர்கள் ஒதுக்கிவிட முடியாது. கார் பேட்டரி அதைவிடப் பல மடங்கு பெரியது. ஆகவே மாடியில் ஆட்கள் தங்கும் கட்டடம் வேண்டாம். வெளியேற இரண்டு வழி கட்டாயம். விபத்தில் அடிபட்டு டோ வண்டியில் வரும் காரை நேராக ஷெட்டுக்குள் இழுத்துவிடாமல், மற்ற வண்டிகளிலிருந்து தள்ளித் திறந்தவெளியில் நிறுத்துங்கள். அடிபட்ட லித்தியம் பேட்டரி பல மணி நேரம் சும்மா இருந்துவிட்டும் பற்றிக்கொள்ளும். அணைத்த தீ மறுபடி கிளம்புவதும் உண்டு.

ஆட்கள் விஷயத்தில் ஒரு வார்த்தை. டீசல் வண்டியின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லும் பழைய மெக்கானிக்கை அனுப்பிவிடாதீர்கள். சஸ்பென்ஷன், பிரேக் வேலையெல்லாம் பெரும்பாலும் பழையதுதான். ஆனால் தொட்டுப் பார்க்கும் அவருடைய பழக்கம் மட்டும் இங்கே ஆகாது. ஆரஞ்சு நிற ஒயருக்குள் 300, 400 வோல்ட் ஓடுகிறது. சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, கம்பெனி சொன்ன நேரம் காத்திருந்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைக்கலாம். 1,000 வோல்ட் ரப்பர் கையுறையை மாட்டுமுன் ஒவ்வொரு முறையும் காற்றடைத்து ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தனியாக யாரும் அந்த வேலையில் இறங்கக் கூடாது. லிஃப்டின் கைகளையும் குறித்த இடத்தில்தான் கொடுக்க வேண்டும். சற்றே உள்ளே தள்ளினால் தரைக்கடியில் இருக்கும் பேட்டரி நசுங்கும். பெயிண்ட் சூளையின் வெப்பம் பேட்டரிக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதைக் கம்பெனி கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வருமானம் என்று வந்தால்தான் முதலீட்டாளரின் முகம் மாறும். எஞ்சின் ஆயில் இல்லை, ஆயில் ஃபில்டர் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை. வேகம் குறையும்போது மோட்டாரே வண்டியைப் பிடித்துக்கொள்வதால் பிரேக் பேடும் நெடுநாள் உழைக்கும். மிஞ்சுவது டயர், வீல் அலைன்மென்ட், ஏ.சி., கூலன்ட், டிங்கரிங்-பெயிண்டிங், இன்சூரன்ஸ் புதுப்பித்தல். பேட்டரியின் எடையால் டயர் சீக்கிரம் தேயும் என்பது இதில் ஒரு சிறு ஆறுதல். பெட்ரோல் கார் சர்வீஸ் வருமானத்தை அப்படியே எடுத்து வங்கிக்குத் திட்ட அறிக்கை எழுதுபவர் இரண்டாம் ஆண்டே திணறுவார். அலைன்மென்ட் மெஷினையும் பெயிண்ட் ஷாப்பையும் "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளாதீர்கள்.

விற்பனையில் ஒன்றே ஒன்று: புக்கிங் வாங்குமுன் வாடிக்கையாளரின் பார்க்கிங்கைப் போய்ப் பாருங்கள். அடுக்குமாடிச் சங்கம் சார்ஜர் மாட்ட விடாத வீட்டுக்கு விற்ற கார், தினம் உங்கள் வாசலில் வந்து நிற்கும். ரேஞ்ச் விஷயத்திலும் சான்றிதழ் எண்ணை வாய் கூசாமல் சொல்ல வேண்டாம். 2020-இல் நெக்ஸான் ஈ.வி. வந்தபோது 312 கிலோமீட்டர் என்றார்கள்; ஓட்டியவர்களுக்கு அதைவிட வெகுவாகக் குறைந்தே கிடைத்தது.

2025 ஜூலையில் டெஸ்லா மும்பையில் முதல் ஷோரூமைத் திறந்தது. ஆகஸ்ட் 4 அன்று தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் தொழிற்சாலை தொடங்கியது. புதுப் பெயர்கள் இன்னும் வரும். பெயர் புதிதாக இருக்கும்போது வாடிக்கையாளர் விலைக்கு முன்னால் கேட்பது, "சர்வீஸ் எங்க சார்?" என்றுதான். எனவே சர்வீஸ் சென்டரை ஷோரூமுக்கு ஒரு மாதமாவது முந்தித் திறந்துவிடுங்கள்.