உணவுப் பழக்கமும் உடல் எனும் அமானிதமும்



நம் உடல் நமக்குச் சொந்தமானதல்ல. அது அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் தொடர்ந்து நோன்பு நோற்று, இரவெல்லாம் நின்று வணங்கியபோது, உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள் (புகாரி). வணக்கத்திற்காகக்கூட உடலை வதைக்க அனுமதி இல்லை என்றால், நாவின் ருசிக்காக அதைக் கெடுக்க எப்படி அனுமதி இருக்கும்?

இன்றைய நிலை என்ன? 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. மேலும் 13 கோடிக்கும் அதிகமானோர் அதன் வாசலில் நிற்கிறார்கள். ஆறாத கால் புண், சிறுநீரகப் பழுது, பார்வைக் குறைவு என்று அது ஒரு குடும்பத்தையே முடக்கிவிடுகிறது.

நம் முன்னோர்களுக்கு நோயே வரவில்லை என்று சொல்ல முடியாது. அவர்கள் பஞ்சத்தையும் கொள்ளை நோய்களையும் கண்டவர்கள். ஆனால் அவர்களின் அன்றாட உணவில் மூன்று நன்மைகள் இருந்தன. அவற்றை நாம் தொலைத்துவிட்டோம்.

1. சலிக்காத மாவு

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் சல்லடை இருந்ததா என்று ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. இல்லை என்றார்கள். வாற்கோதுமையை அரைத்து, வாயால் ஊதுவோம். பறக்கும் உமி பறந்துவிடும், மீதியைப் பிசைந்து உண்போம் என்று விளக்கினார்கள் (புகாரி). அதாவது தவிட்டின் பெரும்பகுதி உணவிலேயே தங்கியது. நம் பகுதியில் கம்பு, கேழ்வரகு, சாமை, கைக்குத்தல் அரிசி ஆகியவையும் இப்படித்தான் உண்ணப்பட்டன.

ஆலை வந்தது, அரிசி தீட்டப்பட்டு வெள்ளையானது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜாவாவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் நரம்பு நோயால் நடக்க முடியாமல் விழுவதையும், தவிட்டோடு கூடிய அரிசி கொடுத்தால் அவை குணமடைவதையும் கண்டார். பின்னர் 1929-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாம் குப்பை என்று நீக்கிய தவிட்டில்தான் வைட்டமின் இருந்தது.

தவிட்டிலுள்ள நார்ச்சத்து, இரத்தத்தில் சர்க்கரை மெதுவாக ஏற உதவுகிறது. 21 நாடுகளில் 1 லட்சத்து 30 ஆயிரத்திற்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் கவனித்த ஓர் ஆய்வு 2020-ல் வெளியானது. தினமும் 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு உண்பவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்றும், தெற்காசியாவில் அது மிக அதிகம் என்றும் அது கூறியது.

2. மூன்றில் ஒரு பங்கு

முதுகு நிமிர்ந்து நிற்கச் சில கவளங்கள் போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் இருக்கட்டும் என்பது நபிமொழியின் கருத்து (திர்மிதி). சிறுதானியமே ஆனாலும் அளவு மீறினால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். உண்ணலாம், பருகலாம், ஆனால் வீண் விரயம் கூடாது என்பதே குர்ஆனின் (7:31) கட்டளை.

ஒரே சஹனில் பலர் கூடி உண்ணும் வழக்கம் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறது. இருவரின் உணவு மூவருக்குப் போதும் என்ற போதனையின் அழகு அதில் உண்டு. ஆனால் சஹனில் சோற்றை மலைபோல் குவித்துவிட்டு அதைச் சுன்னத் என்று சொல்லலாமா?

3. விருந்து விருந்தாகவே இருந்தது

இரண்டு மாதங்களில் மூன்று பிறைகளைப் பார்ப்போம், நபியின் வீடுகளில் அடுப்பு எரிந்திருக்காது, பேரீச்சம்பழமும் தண்ணீருமே எங்கள் உணவு என்ற கருத்தில் ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்தார்கள் (புகாரி).

நம் பாட்டனார் காலத்திலும் பிரியாணியும் நெய்ச்சோறும் நிக்காஹ்விற்கும் பெருநாளுக்கும் உரியவை. இன்று வாரத்தில் பல நாள் பெருநாள்தான்! ரமளானையே பாருங்கள். பருப்பும் வெந்தயமும் பூண்டும் சேர்ந்த நோன்புக் கஞ்சி இதமான உணவு. ஆனால் அதைச் சுற்றிச் சமோசா, வடை, சர்பத் என்று அடுக்கி, நோன்பு மாதத்திலேயே எடை கூடியவர்கள் நம்மில் எத்தனை பேர்!

என்ன செய்யலாம்?

தட்டில் சோற்றைக் குறைத்து, காய்கறியையும் பருப்பையும் கூட்டுங்கள். வாரத்தில் சில நாட்களாவது தவிடு நீக்காத தானியத்தைச் சமையுங்கள். எண்ணெய்ப் பலகாரத்தை விருந்து நாளுக்கு ஒதுக்குங்கள். உப்பு, ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும். முன்னோர்கள் உண்டது போல் உண்ணும் நாம் அவர்கள் நடந்தது போல் நடக்கவும் வேண்டும். பள்ளிவாசலுக்கு நடந்தே வாருங்கள். ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் உணவை மாற்றும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவம் செய்துகொள்வதும் நபிவழியே.

நம் பிள்ளைகள் நம் சொல்லைவிட நம் தட்டைப் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள். நாம் இன்று உண்பதே நாளை அவர்களின் பழக்கம்.

அளவோடு உண்டு, ஆரோக்கியத்தோடு வணங்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.