விழுந்தவர் மீதே பழியா?

கோல சிலாங்கூரின் புக்கிட் பெலிம்பிங் போன்ற ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகள் இன்று ஆலை வேலைக்குப் போகிறார்கள். இரும்பு ஆலையில் ஒருவர் விழுந்தார் என்றால், விசாரிக்காமலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தீர்ப்புகளில் நான்கைப் பார்ப்போம்.

"உயரத்தில் ஏறுபவர்தான் விழுவார்."
இயந்திரத்திலிருந்து கசியும் எண்ணெய், சிதறிய இரும்புச் சீவல், குறுக்கே கிடக்கும் வெல்டிங் கேபிள் ஆகியவை தரையில் நடப்பவரையும் வீழ்த்தும். லோரித் தளத்திலிருந்து சறுக்கி சிமெண்டுத் தரையில் தலை மோதினாலே உயிர் போகலாம். உயரம் குறைவு என்பதாலேயே அங்கே தடுப்பு வைக்க எவருக்கும் தோன்றுவதில்லை.

"சேஃப்டி பெல்ட் போட்டால் போதும்."
பெல்ட் விழுவதைத் தடுப்பதில்லை. விழுந்தவரைப் பிடித்து நிறுத்துகிறது. அதிர்வுதாங்கி உள்ள 1.8 மீட்டர் கயிற்றைக் காலடி மட்டத்தில் மாட்டினால், கால்கள் 4 மீட்டருக்கும் கீழே போன பிறகே அது நிறுத்தும். 3 மீட்டர் மேடையில் அதனால் என்ன பயன்? முதலில் வேண்டியவை கைப்பிடித் தடுப்பும் உறுதியான மேடையும். பெல்ட் மலிவு, கண்ணுக்கும் தெரிகிறது. அதனால்தான் இந்த நம்பிக்கை சாகவில்லை.

"கவனக்குறைவால் விழுந்தால் சொக்சோ கிடைக்காது."
சொக்சோ என்பது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். அதற்கான 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் வேலையிடக் காயத் திட்டம் தவறு யாருடையது என்று பார்ப்பதில்லை. வேலையின்போது, வேலை காரணமாக நேர்ந்ததா என்பதே கேள்வி. குறைந்தது 4 நாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு) இருந்தால், சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு உண்டு. 2019 ஜனவரி முதல் அந்நியத் தொழிலாளர்களும் இத்திட்டத்தில் அடக்கம். இதை அறியாமல் மனுவே போடாதவர் இழப்பது தன் குடும்பத்தின் சோற்றை.

"கிளினிக் செலவை முதலாளி கொடுத்துவிட்டார், புகார் எதற்கு?"
விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவிடம் தெரிவிப்பது முதலாளியின் கடமை. கிளினிக் பணம் அதற்கு ஈடாகாது. தெரிவிக்காமல் விட்டு, பின்னாளில் முதுகு நிமிராமல் போனால், அது வேலையில் பட்ட அடி என்று காட்ட ஒரு தாளும் இருக்காது. துரையின் தயவை நம்பி வாழ்ந்த தோட்டக் காலத்துப் பழக்கத்தை நாம் இன்னும் நன்றிக்கடன் என்கிறோம்.

வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தத்தால், 2024 ஜூன் 1 முதல், உடனடி ஆபத்தை முதலாளி நீக்காவிட்டால் அந்த இடத்தைவிட்டு விலகும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. கடமை தவறும் முதலாளிக்கு உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ஆகியுள்ளது. ஆனால் விழுந்தவரையே நாம் குற்றவாளியாக்கும்வரை, "இங்கே ஏறமாட்டேன்" என்று சொல்ல எந்தத் தொழிலாளி துணிவார்?