எந்த வேலைக்கு எத்தனை மில்லி செகண்ட்?

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய புரோகிராமைப் பார்த்தேன். பிளாக்குகளைச் சுத்தமாகப் பிரித்திருக்கிறாய். ஆனால் டேங்க் லெவல், பிஐடி, கன்வேயர், அலாரம் எல்லாவற்றையும் ஒரே 10 மில்லி செகண்ட் டாஸ்க்கில் போட்டுவிட்டு, "வேகமாக ஓடினால் நல்லதுதானே அண்ணா?" என்று கேட்டிருக்கிறாய்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சாயப்பட்டறையில் எஸ்7-300 பிஎல்சிக்கு நான் புரோகிராம் எழுதினேன். சாயத் தொட்டியின் சூட்டைக் கட்டுப்படுத்த எஃப்பி41 என்ற பிஐடி பிளாக்கை ஓபி35-இல் வைத்தேன். ஓபி35 100 மில்லி செகண்டுக்கு ஒருமுறை ஓடும். அந்த பிளாக்கில் 'சைக்கிள்' என்றொரு இன்புட் உண்டு. நான் தொடாததால் அது 1 செகண்ட் என்றே கிடந்தது. கூப்பிடும்போதெல்லாம் ஒரு செகண்ட் போய்விட்டதாகவே பிளாக் கணக்குப் போட்டது. இன்டெக்ரல் பத்து மடங்கு வேகத்தில் ஏறியது. ஸ்டீம் வால்வு முழுக்கத் திறக்கும், முழுக்க மூடும். இரண்டு நாள் கெய்னைக் குறைத்துப் பார்த்தேன்; வால்வில் கோளாறு என்றுகூடச் சொன்னேன். அதற்குள் ஒரு லாட் துணி நிறம் மாறிப்போனது. மூன்றாம் நாள் சீனியர் ஒருவர் வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இதை எவ்வளவு நேரத்துக்கு ஒருக்கா கூப்பிடுறே?"

அதே கேள்வியை நீ ஒவ்வொரு பிளாக்கிடமும் கேள். பிஐடியை, இடைவிடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் மெயின் புரோகிராமான ஓபி1-இல் வைத்தால் ஸ்கேன் நேரம் கூடிக் குறைய, பிளாக்கின் காலக்கணக்கும் கெடும். அதற்கு ஒரே சீரான இடைவெளி வேண்டும்; சூடு போன்ற மெதுவான விஷயத்துக்கு அரை செகண்டே தாராளம். டேங்க் லெவலுக்கும் அவசரமில்லை, அது ஓபி1-இலேயே இருக்கட்டும்.

கன்வேயர் கதை வேறு. உன் பெல்ட் செகண்டுக்கு 1 மீட்டர் ஓடுகிறது. 10 மில்லி செகண்டில் 10 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். லேபிளில் இருக்கும் குறியோ 3 மில்லிமீட்டர்தான். சென்சார் 3 மில்லி செகண்ட் மட்டுமே ஆனில் இருக்கும். இரண்டு ஸ்கேனுக்கு நடுவில் அது வந்துபோனால் உன் டாஸ்க்குக்குத் தெரியவே தெரியாது. இதற்கு ஹார்டுவேர் இன்டரப்ட்தான் சரி, ஓபி40-இல் எழுது. அதோடு நின்றுவிடாதே: உன்னுடைய எஸ்7-1200-இல் டிஜிட்டல் இன்புட்டின் ஃபில்டர் மாற்றாதவரை 6.4 மில்லி செகண்ட். அதைக் குறைக்காவிட்டால் இன்டரப்ட் வைத்தும் பலனில்லை, அந்தப் பல்ஸ் உள்ளேயே வராது. பலர் சென்சாரை மாற்றிக்கொண்டே இருப்பது இந்த இடத்தில்தான்.

இன்னொன்று. உன் 10 மில்லி செகண்ட் டாஸ்க் ஓடி முடிக்கவே 7 மில்லி செகண்ட் எடுக்கிறது. மிச்சம் 3-இல்தான் ஓபி1, ஸ்கிரீன், நெட்வொர்க் எல்லாம் பிழைக்க வேண்டும். ஸ்கிரீன் மந்தமாக இருக்கிறது என்று ஆபரேட்டர் சொன்னதாக எழுதியிருந்தாயே, நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

வேலைகளை இப்படித் தனித்தனி டாஸ்க்காகப் பிரிக்கும்போது ஒரு கவனம் வேண்டும். ஓபி1 புது செட்பாயின்ட்டை எழுதிவிட்டு ராம்ப் வேகத்தை எழுதுவதற்குள் வேக டாஸ்க் குறுக்கே புகுந்தால், புதுசும் பழசும் கலந்துதான் படிக்கும். இரண்டையும் எழுதி முடித்த பிறகு ஒரு பிட்டைப் போடு; அதைப் பார்த்த பிறகே வேக டாஸ்க் இரண்டையும் எடுத்துக்கொள்ளட்டும்.

மாற்றிய பிறகு ஒரு ஷிஃப்ட் முழுக்க ஓடவிடு. ரெசிப்பி மாற்றும் நேரமும் அதில் வரட்டும். அதிகபட்ச ஸ்கேன் நேரத்தைக் குறித்து எனக்கு அனுப்பு, சராசரி வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்