களர் நிலமும் உவர் நிலமும்

வெண்மை பூத்த தரை எதுவாயினும் அதனைக் களர் என்று ஒரே பெயரால் வழங்குவது கிராமங்களில் உண்டு. ஆயினும் உப்பினால் கெட்ட நிலங்கள் இருவகைப்படும். அவற்றைச் சீர்திருத்தும் முறைகளும் வெவ்வேறாம். வகையறியாது செலவு செய்வோர் பொருளையும் பருவத்தையும் இழப்பதன்றி, நிலத்தை முன்னிலும் கெடுத்துவிடவுங்கூடும்.

உவர் நிலம்: இதில் கரையும் உப்புக்கள் மிகுந்திருக்கும். கோடையில் மேற்பரப்பில் வெள்ளை உப்புப் படியும். மண் பொலபொலப்பாகவே இருக்கும்; நீரும் உள்ளே இறங்கும். ஈரமிருந்தும் பயிர் வாடுவதற்குக் காரணம், மண்ணீரிலுள்ள உப்பு வேர் நீரை உறிஞ்சவொட்டாமல் தடுப்பதேயாம்.

களர் நிலம்: இதில் சோடியம் என்னும் தாது களித்துகள்களைப் பற்றிக்கொண்டிருக்கும். அதனால் துகள்கள் ஒன்றோடொன்று சேராமல் பிரிந்து, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடுகின்றன. ஈரத்தில் சேறாய்க் குழைந்து, காய்ந்தால் கல்லாய் இறுகும். மழைநீர் உள்ளிறங்காமல் தேங்கும். அல்லது மேல்மண்ணை அரித்துக்கொண்டோடும். இதனால் கிணறுகளுக்கும் ஊற்றுக் குறையும்.

அறியும் வழி: ஒரு பிடி மண்ணைக் கண்ணாடிப் பாத்திரத்தில் மழைநீர் விட்டுக் கலக்கி வைத்தால், உவர் மண் விரைவில் படிந்து நீர் தெளியும், களர் மண்ணாயின் நெடுநேரம் கலங்கியே நிற்கும். இது முதற்குறிப்பு மாத்திரமே. வரப்போரம், எருக்குழி, மரநிழல் நீங்கலாகப் பல இடங்களில் 6 அங்குல ஆழம்வரை மண்ணெடுத்து, ஒன்றாகக் கலந்து, பரிசோதனைச் சாலைக்கு அனுப்புதல் வேண்டும். கார அமில நிலை 8.5-க்கு மேற்பட்டிருப்பது களரின் முக்கிய அறிகுறி.

சீர்திருத்தம்: உவர் நிலத்துக்கு வடிகாலும் நல்ல நீருமே மருந்து. நீரைத் தேக்கி உப்பைக் கீழே இறக்கி வெளியேற்ற வேண்டும். களர் நிலத்தையோ வெறும் நீரால் கழுவினால், கரையும் உப்பு மாத்திரம் நீங்கிச் சோடியம் தங்கிவிடும். மண் மேலும் இறுகும். ஆகவே முதலில் பரிசோதனையிற் கண்ட அளவுப்படி ஜிப்சத்தைப் பொடியாக்கி மேல்மண்ணில் கலக்க வேண்டும். அதிலுள்ள கால்சியம் சோடியத்தை விலக்கி அதனிடத்தைப் பெறும். விலகிய சோடியம் நீரிற் கரையும் சல்பேட்டாகி வடிகால் வழியே போய்விடும். பின்னர் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்குந்தருணத்தில் மடக்கி உழுது, நெல் நடலாம். திருச்சிராப்பள்ளியில் தோன்றி 1995-ல் வெளியான "திருச்சி 1" நெல் களரைத் தாங்கி வளர்வதாம்.

வடிகாலின் அவசியம்: ஒருவர் வயலிலிருந்து கழுவிய உப்புநீர் அடுத்தவர் வயலிலோ பாசன வாய்க்காலிலோ சேர்ந்தால், ஒருவர் நன்மை பலருக்குத் தீமையாய் முடியும். ஆதலால் நிலமுடையோர் ஒன்றுகூடிப் பொது வடிகாலை முதலில் தூர்வாரிவிட்டுப் பின்னரே ஜிப்சம் வாங்குவது முறை. வடிகாற் புறம்போக்கு ஆக்கிரமிப்புக்கு உட்படாதபடி கிராம அதிகாரிகள் காத்துவருதல் வேண்டும். வடிகாலில்லாத நிலத்தில் இட்ட ஜிப்சம் வீண் செலவேயாம்.