செறிவூட்டிய அரிசியைக் குறித்து ஊராருக்கு விளக்கும் முறை

கம்பம் பள்ளத்தாக்கில் பெரியாற்று நீர்ப்பாய்ச்சலால் 14,707 ஏக்கரில் இருபோக நெல் சாகுபடி நடைபெறுவது யாவரும் அறிந்ததே. இப்பகுதியில் நெல்லைப் பயிரிடுவோரும், அரிசியை முறத்திலிட்டுப் புடைக்கும் மாதரும், மணியின் நிறத்தையும் கனத்தையும் பார்த்த மாத்திரத்தில் மதிக்க வல்லவர்கள். தண்ணீரில் மிதக்கும் அரிசியை இவர்கள் போலியெனக் கொள்வதில் வியப்பொன்றுமில்லை.

செறிவூட்டிய அரிசி 2020-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் சோதனையாக வழங்கப்பட்டு, 2023-இல் மாநிலத்தின் மற்றப் பகுதிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அப்பொழுது பல ஊர்களில் ‘பிளாஸ்டிக் அரிசி’ என்ற வதந்தி எழுந்தது. உண்மை யாதெனில், அரிசிமாவுடன் இரும்புச்சத்து, போலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைப் பிசைந்து, யந்திரத்தில் அழுத்தி, அரிசி வடிவாக நறுக்கி உலர்த்திய மணிகள் நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு வீதம் சேர்க்கப்பட்டன. மாவிலிருந்து ஆக்கப்பட்டமையால் அவற்றுள் சில மிதக்கும். நிறமும் சற்றே வேறுபடும்.

ஒரு கிலோவில் இம்மணிகள் பத்துக் கிராமே. ஐயுற்ற இல்லத்தாள் அவற்றைப் பொறுக்கி எறிவாளாயின் சேர்த்த சத்து முழுவதும் குப்பைக்குப் போகும். 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவிகிதத்தினர் இரத்தசோகையுடையோராகக் காணப்பட்டனர். ஆகையால் இந்நஷ்டம் அற்பமானதன்று.

1960-களில் ஆடுதுறை 27 என்னும் நெல் வானொலி வாயிலாகவே தஞ்சைக் குடியானவர்களிடம் பரவி, ‘ரேடியோ நெல்’ என்று பெயர்பெற்றது. ஆயினும் அங்கே கேட்டவர் விதைப்பவர்; விளைச்சலைத் தம் வயலிலேயே கண்டு தெளிந்தனர். உண்பவருக்கு அவ்வாறு கண்டு தெளியும் வாய்ப்பில்லை. உடலில் இரத்தம் ஊறுவது கண்ணுக்குப் புலப்படாது. சாக்கின்மேல் அச்சிட்ட முத்திரையும் சுவரிலொட்டிய விளம்பரமும் இவர்கள் ஐயத்தைத் தீர்க்கப் போதா.

கையில் கொடுத்துக் காட்டுதலே தக்கது. ஐயத்துக்குரிய மணிகளை ஊர்ச்சாவடியில் பலர் முன்னிலையில் பொறுக்கியெடுத்துத் தனியே வேகவைத்து விரலால் நசுக்கச் செய்யலாம், சோறாகவே மசியும். பச்சை மணியை ஊறவைத்து இடித்து, பள்ளிக்கூடத்திலுள்ள அயோடின் கரைசலில் ஒரு துளி விட்டால் மாவுப்பொருளுக்குரிய கருநீலம் தோன்றும். இதனைச் செய்துகாட்டுவோர் அவ்வூர்ச் சத்துணவுக் கூடத்தில் நாள்தோறும் உலைவைக்கும் சமையற்காரராயிருத்தல் மிக நன்று. கிராம நிர்வாக அலுவலர் உடனிருந்தால் போதும், பிரசங்கம் வேண்டுவதில்லை.

சமையல்முறையையும் உடன் சொல்லல் வேண்டும். நம்மவர் சோற்றை வடிப்பவர். பலமுறை களைந்து, மிகுந்த நீரில் வேகவைத்து வடித்தால் உயிர்ச்சத்தில் ஒரு பகுதி நீரோடு போய்விடும். ஒருமுறை மாத்திரம் களைந்து அளவான நீரில் சமைப்பது நலம். வடித்தே தீரவேண்டுமாயின் கஞ்சியைக் கொட்டாது பருகலாம்.

மற்றொன்று: தலசீமியா முதலிய இரத்த நோய்க்குச் சிகிச்சை பெறுவோர், இரும்புச்சத்து சேர்த்த உணவு தமக்கு ஏற்றதா என்பதை வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும். இதனை மறைத்துவிட்டு நன்மைகளை மட்டும் கூறுவது வதந்திக்கே இடமளிக்கும். ஆதலின் முதல் நாளிலேயே இதனையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுதல் தக்கது.