சிறிய கடைக்கு இணையத்தளம் தேவையா?

ஊர் திரும்பிய குடும்பங்களில் பல முதலில் தொடங்குவது ஒரு சிறிய கடையைத்தான். வீட்டின் முன்பக்கத்தில் ஒரு தகரக் கொட்டில், இரண்டு இறாக்கை, ஒரு தராசு. முதலீடு பெரும்பாலும் வாழ்வாதார உதவிப் பணம், அல்லது நகை அடகு வைத்த காசு. அந்த வேளையில் வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவரோ நகரத்திலிருந்து வரும் ஒருவரோ, “கடைக்கு ஒரு இணையத்தளம் செய்யுங்கள், வியாபாரம் பெருகும்” என்று சொல்லக்கூடும். உடனே சம்மதிக்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். முதலில் பின்வரும் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள்.

1. உங்கள் பொருளை வாங்குபவர் எங்கே இருக்கிறார்?

பலசரக்குக் கடைக்கு வருபவர் பக்கத்து ஒழுங்கையில் இருப்பவர். சீனி முடிந்தால் அவர் பிள்ளையைக் கடைக்கு அனுப்புவார், இணையத்தில் தேடமாட்டார். மயிலிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1990 இல் அங்கிருந்து வெளியேறிய மக்களின் காணிகளில் ஒரு பகுதி 2017 ஜூலையில்தான் விடுவிக்கப்பட்டது. இத்தனை வருடங்களின் பின் எல்லோரும் ஒரே நாளில் திரும்பி வருவதில்லை. ஒரு குடும்பம் வரும், மற்றது பிள்ளைகளின் படிப்பு முடியட்டும் என்று காத்திருக்கும். இப்படியான ஊர்களில் கடையின் வியாபாரம் திரும்பி வரும் வீடுகளோடு சேர்ந்துதான் வளரும். இணையத்தளம் அந்த வீடுகளின் எண்ணிக்கையைக் கூட்டாது.

ஆனால் கருவாடு, பனங்கட்டி, மிளகாய்த்தூள், பனையோலைப் பொருட்கள் போன்றவற்றைச் செய்து விற்பவரின் நிலை வேறு. அவற்றை விரும்பி வாங்குபவர் கொழும்பிலும் இருக்கலாம். தூரத்திலுள்ளவர் உங்களைக் கண்டுபிடிக்க இணையம் உதவும்.

2. செலவை எவ்வளவு விற்றால் மீட்கலாம்?

இணையத்தளத்துக்கு ஒருமுறை காசு கொடுத்தால் போதாது. தளத்தின் பெயருக்கும் அதை வைத்திருக்கும் இடத்துக்கும் தொடர்ந்து பணம் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் தளம் நின்றுவிடும்.

உதாரணமாக, வருடச் செலவு 30,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 100 ரூபாவுக்கு விற்றால் உங்களுக்கு 10 ரூபா இலாபம் என்றால், அந்தச் செலவை மீட்க மட்டும் வருடத்தில் 300,000 ரூபாவுக்கு மேலதிகமாக விற்க வேண்டும். அதாவது மாதம் 25,000 ரூபா. அதே 30,000 ரூபாவுக்கு அரிசியும் மாவும் வாங்கி வைத்தால் எத்தனை தடவை விற்று மீண்டும் வாங்கலாம் என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள்.

3. ஓடர் வந்தால் அனுப்ப முடியுமா?

தூரத்திலிருந்து ஒருவர் 5 கிலோ கருவாடு கேட்டால், பொதி செய்து பழுதாகாமல் அனுப்ப வேண்டும். அனுப்பும் செலவை யார் ஏற்பது, பணம் எப்படி உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். உணவுப் பொருளைப் பொதி செய்து விற்பதானால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆலோசனை பெறுங்கள்.

முதலில் செய்யக்கூடியவை

• பெயர்ப்பலகையில் தொலைபேசி இலக்கத்தைப் பெரிதாக எழுதுங்கள்.
• கூகுள் வரைபடத்தில் கடையின் பெயர், இடம், திறக்கும் நேரம் ஆகியவற்றைச் சேருங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. பழைய அடையாளங்கள் அழிந்துபோன ஊரில், வெளியாட்கள் வழி கண்டுபிடிக்க இது நன்கு உதவும்.
• வட்ஸ்அப்பில் புதிய சாமான்களின் படங்களையும் விலையையும் வாடிக்கையாளருக்கு அனுப்புங்கள்.
• தையல், சைக்கிள் திருத்தம் போன்ற தொழில் செய்பவர்கள் முகநூலில் இலவசமாக ஒரு பக்கம் தொடங்கி, செய்த வேலைகளின் படங்களைப் போடலாம்.

இவற்றின் மூலம் தூரத்து ஓடர்கள் தொடர்ந்து வரத் தொடங்கினால், அப்போது இணையத்தளத்தைப் பற்றி யோசியுங்கள். செய்வதென்று முடிவெடுத்தால், தளத்தின் பெயரை உங்கள் பெயரிலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். செய்து தருபவரின் பெயரில் இருந்தால், நாளைக்கு அவருடன் மனக்கசப்பு வரும்போது தளமும் கைவிட்டுப் போகலாம். தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கங்களை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

குடும்பமாகச் செய்து பாருங்கள்

கடன் கொப்பியின் கடைசிப் பக்கத்தை இதற்கென ஒதுக்குங்கள். ஒரு மாதத்துக்கு, புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் “கடையைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?” என்று கேட்டு எழுதுங்கள். அயலவர் சொன்னதா, பெயர்ப்பலகையா, தொலைபேசியா? மாத முடிவில், ஊர்ச் சனத்தை அறிந்த பெரியவர்களும் தொலைபேசி பழகிய பிள்ளைகளும் சேர்ந்திருந்து அதை எண்ணிப் பாருங்கள். காசை எதில் போடுவது என்பதை அந்தப் பக்கமே உங்களுக்குச் சொல்லும்.