லினக்ஸில் ஓடிடி ஓடலையா? அக்கா சொல்றேன், கேளுங்க!

பெங்களூருக்கு வேலை தேடி வந்து பிஜியில் தங்கியிருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் பலரிடம் இருப்பது பழைய லேப்டாப்தான். ஒன்று, தமிழக அரசு 2011-ல் கொடுக்க ஆரம்பித்த விலையில்லா மடிக்கணினி, இல்லையென்றால் எஸ்.பி. ரோட்டில் பேரம் பேசி வாங்கிய செகண்ட் ஹேண்ட். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 பழைய மெஷின்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. அதனால்தான் இப்போது ஆளாளுக்கு லினக்ஸ் போடுகிறார்கள். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், அந்த அரசு லேப்டாப்பிலேயே விண்டோஸோடு சேர்ந்து வந்ததுதான். அதைத் திறந்து பார்த்தவர்கள்தான் குறைவு.

லினக்ஸ் போட்டதும் வரும் முதல் புகார்: "அக்கா, யூடியூப் ஓடுது, ஹாட்ஸ்டார் ஓட மாட்டேங்குது!" உடனே மறுபடி இன்ஸ்டால் பண்ண உட்கார்ந்துவிடாதீங்க. வீடியோ ஓடாததற்குப் பெரும்பாலும் மூன்றே காரணங்கள்: பூட்டு, கோடெக், சிப். எது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

1. வாங்கும் முன்பே ஓட்டிப் பாருங்க

இனிமேல்தான் லேப்டாப் வாங்கப் போறீங்கன்னா, எஸ்.பி. ரோட்டுக்குப் போகும்போது லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவை எடுத்துட்டுப் போங்க. இன்ஸ்டால் பண்ணாமலே பென் டிரைவிலிருந்து லேப்டாப்பை ஆன் பண்ணலாம். போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, யூடியூப் வீடியோ ஒன்றை முழுத்திரையில் பத்து நிமிஷம் ஓட விடுங்க. வைஃபை, ஸ்பீக்கர், ஃபேன் சத்தம், சூடு எல்லாம் கடையிலேயே தெரிந்துவிடும். மெஷின் 64 பிட்டாக இருக்கணும். 32 பிட் லினக்ஸுக்கு குரோம் தருவதை கூகுள் 2016-லேயே நிறுத்திவிட்டது. ரேம் 4 ஜிபியாவது வேணும். பட்ஜெட் இடம் கொடுத்தால் ஹார்டு டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போடுங்க, வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

2. பழைய குறிப்புகளை நம்பாதீங்க

"ஃபிளாஷ் போடு, சில்வர்லைட் போடு" என்று யாராவது சொன்னால், அது போன தலைமுறை வைத்தியம். ஃபிளாஷுக்கு 2020 டிசம்பர் 31-ம் தேதியும், சில்வர்லைட்டுக்கு 2021 அக்டோபரிலும் ஆதரவு முடிந்தது. நெட்ஃபிளிக்ஸ் 2014-லிருந்தே லினக்ஸ் குரோமில் நேரடியாக ஓடுகிறது. இன்றைக்கு ஃபிளாஷ் பிளேயர் டவுன்லோட் பண்ணச் சொல்லும் தளம் எதுவானாலும் உடனே மூடிடுங்க.

3. யூடியூப் ஓடுது, ஓடிடி ஓடலை: இது பூட்டு

காசு கட்டிப் பார்க்கும் தளங்கள் படத்தைப் பூட்டித்தான் அனுப்பும். அதற்கான சாவி கூகுளின் வைட்வைன். குரோமில் அது சேர்ந்தே வரும். ஃபயர்ஃபாக்ஸில் நீங்க சம்மதம் சொல்லணும். படத்தை பிளே பண்ணியதும் மேலே டிஆர்எம்-ஐ (இந்தப் பூட்டு ஏற்பாட்டின் பெயர்தான்) இயக்கச் சொல்லி ஒரு பட்டை வரும். அவசரத்தில் அதை மூடிவிட்டால் படம் வராது. மூடியிருந்தாலும் பரவாயில்லை: செட்டிங்ஸில் ஜெனரல் பகுதிக்குப் போய் டிஆர்எம் என்ற தலைப்புக்குக் கீழே உள்ள கட்டத்தை டிக் பண்ணிட்டு, ஒரு நிமிஷம் விட்டு, பக்கத்தை ரீலோட் பண்ணுங்க.

குரோமியமும் குரோமும் ஒன்றல்ல. ஐகான் ஒரே ஜாடையில் இருக்கும். ஆனால் குரோமியத்தில் பெரும்பாலும் வைட்வைன் இருக்காது. ஓடிடிக்கு கூகுள் தளத்திலிருந்து குரோமையே இறக்கிக்கோங்க.

4. சத்தம் மட்டும் வருது, படம் வரலை: இது கோடெக்

வீடியோவைச் சுருக்கவும் விரிக்கவும் உதவும் கோடெக்குகளில் சிலவற்றுக்குக் காப்புரிமைச் சிக்கல் உண்டு. அதனால் லினக்ஸ்காரர்கள் அவற்றைத் தனியாக வைத்திருக்கிறார்கள். உபுண்டு இன்ஸ்டால் பண்ணும்போதே கூடுதல் மீடியா வகைகளுக்கான கட்டத்தை டிக் பண்ணிடுங்க. லினக்ஸ் மின்ட்டிலும் மல்டிமீடியா கோடெக் என்று ஒரு கட்டம் இருக்கும்.

விட்டுப்போயிருந்தால் உபுண்டு டெர்மினலைத் திறந்து, 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் உபுண்டு-ரெஸ்ட்ரிக்டட்-எக்ஸ்ட்ராஸ்' என்பதை ஆங்கிலத்தில், எல்லாம் சின்ன எழுத்தில் டைப் பண்ணுங்க. பாஸ்வேர்டு அடிக்கும்போது பல பதிப்புகளில் திரையில் புள்ளி கூட வராது. பயப்படாம அடிச்சு என்டர் தட்டுங்க. நடுவில் எழுத்துருக்களுக்கான ஒப்பந்தம் ஒன்று திரை முழுக்க வந்து நிற்கும். மவுஸால் எத்தனை கிளிக் பண்ணினாலும் அசையாது. பல பேர் மெஷின் ஹேங் ஆகிவிட்டதென்று ஆஃப் பண்ணுவது இந்த இடத்தில்தான். டேப் பட்டனைத் தட்டி ஓகே மேல் நிறுத்தி என்டர் கொடுங்க, அடுத்த கேள்விக்கு யெஸ். அவ்வளவுதான்.

5. படம் திக்கித் திக்கி வருது, ஃபேன் கத்துது: இது சிப்

யூடியூப் வீடியோ மேல் ரைட் கிளிக் பண்ணி 'ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் தட்டுங்க. கோடெக்ஸ் என்ற வரியில் ஏவி01, விபி09, ஏவிசி1 மூன்றில் ஒன்று இருக்கும். முதல் இரண்டும் புது வகைகள். இன்டெல் சிப்பில் விபி9-ஐ முழுசாகத் தானே கையாளும் திறன் 7-ம் தலைமுறையில்தான் வந்தது, ஏவி1-க்கு 11-ம் தலைமுறை வேணும். அதற்கு முந்தைய சிப் என்றால் மொத்த பாரமும் பிராசஸர் தலையில் விழும். 'எச்264ஐஃபை' என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டால், பழைய சிப்பும் எளிதாகக் கையாளும் ஏவிசி1 வகையையே யூடியூப் அனுப்பும். 1080பி வரை தாராளமாகக் கிடைக்கும்.

6. 4கே பிளானுக்குக் காசு கொட்டாதீங்க

லினக்ஸ் பிரவுசரில் வைட்வைனின் பாதுகாப்பு கீழ்மட்டத்தில்தான் இயங்கும். அதனால் பெரிய ஓடிடிகள் 4கே தராது. சில தளங்களில் எச்டி கூடக் கிடைக்காது. இது உங்க தப்பும் இல்லை, லேப்டாப் தப்பும் இல்லை. லேப்டாப்பில் மட்டும் பார்ப்பவர்களுக்கு விலை குறைந்த பிளானே போதும். "4கே ஆக்கித் தருகிறேன்" என்று வரும் பேட்ச் ஃபைல்கள் பக்கம் தலைவைத்துப் படுக்காதீங்க.

7. வைஃபையையும் பாருங்க

நெட்ஃபிளிக்ஸ் கணக்குப்படி 720பி-க்கு 3 எம்பிபிஎஸ், 1080பி-க்கு 5 எம்பிபிஎஸ் போதும். பிஜி வைஃபையில் ராத்திரி ஒன்பது மணிக்கு மொத்த மாடியும் சீரியல் பார்த்தால் அதுவும் வராது. வைஃபை பட்டியலில் 5 கிகாஹெர்ட்ஸ் என்று பெயர் தெரிந்தால் அதில் சேருங்க. போன் டேட்டாவில் பார்ப்பவர்கள் எச்டியைக் குறைச்சுக்கோங்க, ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போய்விடும்.

8. டிவியில் படம், லேப்டாப்பில் சத்தமா?

எச்டிஎம்ஐ வயரைச் செருகியதும் சத்தம் தானாக மாறாமல் போவதுண்டு. செட்டிங்ஸில் சவுண்ட் பகுதிக்குப் போய் அவுட்புட்டை எச்டிஎம்ஐ என்று மாற்றுங்க.

இதையெல்லாம் ஒரே ராத்திரியில் மாற்றிப் பார்க்காதீங்க. ஒன்றை மாற்றி, ரீஸ்டார்ட் பண்ணி, ஓட்டிப் பார்த்துட்டு அடுத்ததற்குப் போங்க. அப்பவும் மாட்டிக்கிட்டா, பெங்களூரில் கட்டற்ற மென்பொருளுக்கான ஃபாஸ் யுனைடெட் அமைப்பினர் நடத்தும் கூட்டங்களுக்கு லேப்டாப்போடு போங்க. கன்னடம் வரலையே, நமக்கு ஒன்றும் தெரியாதேன்னு கூச்சப்பட வேண்டாம். 4கே-யும் சில தளங்களின் எச்டியும் தவிர மற்றதெல்லாம் பழைய லேப்டாப்பிலேயே ஓடும். சினிமா பார்க்க மட்டும் புது லேப்டாப்புக்கு இஎம்ஐ போடாதீங்க, அந்தக் காசு ஊருக்குப் போக டிக்கெட்டுக்கு ஆகும்.